கீழ் எல்லை, மேல் எல்லை, நடுவில் நான்

இன்டகிரேஷனில் நான் நல்ல மார்க் வாங்கியவன். என் கோளாறுகளுக்கெல்லாம் அதுதான் மூலம். தப்பாகப் போட்டிருந்தால் யாராவது உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சரியாகப் போட்டுத் தொலைத்ததால், புரிந்தவன் என்ற பெயரோடு பிளஸ் டூவைத் தாண்டி, பொறியியலையும் தாண்டி, வேலை, கல்யாணம், முன்வழுக்கை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டேன். வரையறுத்த தொகையிடல் என்றால் என்ன என்று வழியில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: விடை என்ன?

விடை எனக்கு வரும். அதற்கு என்னிடம் ஒரு செய்முறை இருந்தது. சார்பைத் தொகையிடு. மேல் எல்லையைப் போடு. கீழ் எல்லையைப் போடு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. அடியில் இரண்டு கோடு இழு. வடிவியல் என்றால் படம் போட வேண்டும். நிகழ்தகவு என்றால் கேள்வியைப் படிக்க வேண்டும். இங்கே இரண்டும் வேண்டாம். யோசிக்க இடமே வைக்காத பாடம் என்பதால்தான் எனக்கு அது பிடித்திருந்தது.

போன வருடம் அக்கா மகள் பிளஸ் டூவுக்கு வந்தாள். “மாமாகிட்ட போய்க் கேளு, அவனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு” என்று அக்கா அனுப்பிவைத்தாள். பெண் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நேரே மூலத்துக்கே போனாள்.

“வரையறுத்த தொகையிடல்னா என்ன மாமா?”

“வளைவரைக்குக் கீழே இருக்கிற பரப்பு.” தயங்காமல் சொன்னேன். என் காலத்தில் இதுவே முழு மார்க்.

“யாருக்கு மாமா வேணும் அந்தப் பரப்பு? அங்க யாராச்சும் பிளாட் போடப் போறாங்களா?”

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் ஏதாவது பதில் வந்துவிடும் என்று நம்பி, கொஞ்சம் நீட்டியே சிரித்தேன். வரவில்லை. “பரீட்சைக்கு வேணும்” என்றேன். அவள் புத்தகத்தை மூடிய விதத்திலேயே தெரிந்தது, அக்கா சொன்னதை இனி அவள் நம்பமாட்டாள் என்று.

அவள் போன பிறகு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தேட ஆரம்பித்தேன். அந்தக் கேள்விக்கான பதில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், களிமண் பலகைகளில் இருந்தது. பாபிலோனியர்கள் கி.மு. 350க்கும் கி.மு. 50க்கும் இடையில் ஆப்பு வடிவ எழுத்தில் கீறிவைத்த வானியல் கணக்குகள் அவை. மத்தியூ ஒசென்ட்ரைவர் என்ற ஆய்வாளர் அவற்றைப் படித்து 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் விளக்கம் எழுதினார். வியாழன் கோள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் நாளில் நாளொன்றுக்கு 12 கலை நகர்கிறது. வேகம் சீராகக் குறைந்து, 60ஆம் நாளில் 9 கலை 30 விகலை ஆகிறது. இந்த 60 நாளில் மொத்தம் எவ்வளவு நகர்ந்தது? இதற்கு அவர்கள் ஒரு சரிவகத்தின் பரப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு பக்கம் 12, எதிர்ப் பக்கம் 9½, இடையே அகலம் 60. விடை 645 கலை, அதாவது 10 பாகை 45 கலை.

அந்தச் சரிவகத்தில் யாரும் பிளாட் போடவில்லை. அதன் உயரம் வேகம், அகலம் நாள். இரண்டையும் பெருக்கினால் தூரம். வேகம் நாளுக்கு நாள் மாறுவதால் ஒரே பெருக்கலில் முடியாது. ஒவ்வொரு நாளும் நகர்ந்த துளித் தூரத்தைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான் பரப்பு என்ற படம். நான் படத்தை மனப்பாடம் செய்துகொண்டு, கூட்டலை விட்டுவிட்டவன். என்ன கூட்டப்படுகிறது என்ற ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை. மற்ற தோல்விகள் எல்லாம் இந்தக் கிளையில் காய்த்தவை.

முதல் காய், பிளஸ் சி.

எல்லை இல்லாத தொகையிடலில் கடைசியில் பிளஸ் சி போட வேண்டும். விட்டால் மார்க் போகும். நான் பயந்த சுபாவம். அதனால் எல்லை உள்ள கணக்கிலும் போட்டுவைத்தேன். இருந்தால் யாருக்கு நஷ்டம்? கணக்கு சார் அதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். கேள்விக்குறிக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன்: சாருக்கு பிளஸ் சி பிடிக்கவில்லை. அடுத்த தேர்வில் எல்லை இல்லாத கணக்கிலும் அதை எடுத்துவிட்டேன். அந்தத் தாளில் சிவப்பு மை கொஞ்சம் கூடுதலாகவே செலவானது.

இதற்கான விளக்கம் பல வருடம் கழித்து ஒரு வாடகை வீட்டின் படிக்கட்டுக்கு அடியில் கிடைத்தது. குடிபோன அன்று மீட்டரைப் பார்த்தேன். பழைய மீட்டர், உள்ளே அலுமினியச் சக்கரம் சுற்றுகிற ரகம். எண் எண்ணாயிரத்துச் சொச்சம் காட்டியது. எனக்குப் பகீரென்றது. முன்னால் இருந்தவர் எரித்ததை எல்லாம் நம் தலையில் கட்டுவார்களோ? வீட்டுக்காரரின் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போய்ச் சொன்னேன். ஒரு பொறியியல் பட்டதாரியை அதற்கு முன் அவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்கமாட்டார்.

“முன்ன என்ன இருந்தா உங்களுக்கென்ன தம்பி? ரெண்டு மாசம் கழிச்சு வர்றவன் அன்னைக்கு இருக்கிறதுலேர்ந்து இன்னைக்கு இருக்கிறதைக் கழிச்சுதானே கார்டுல எழுதப் போறான்?”

நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று புத்தகத்தில் பெட்டி கட்டிப் போட்டிருப்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. மீட்டரில் இரண்டு சங்கதி இருக்கிறது. சக்கரம் சுற்றுகிற வேகம், இந்த நொடியில் வீடு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைக் காட்டும். மேலே இருக்கும் எண், இதுவரை சுற்றியதன் மொத்தம். தொகையிட வேண்டிய சார்பு சக்கரம் என்றால், தொகையிட்டு வந்த சார்பு எண். எண் ஏறுகிற வேகம் சக்கரத்தைப் பொறுத்தது. வகையிட்டால் பழைய சார்பு திரும்ப வருகிறதே, அது இதுதான். இரண்டு மாதத்தில் எவ்வளவு செலவாயிற்று என்று தெரிய, ஒவ்வொரு நொடியும் சக்கரத்தின் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டு கூட்ட வேண்டியதில்லை. கடைசி எண், முதல் எண், ஒரு கழித்தல், போதும். மீட்டர் எந்த எண்ணிலிருந்து தொடங்கியது என்பதுதான் சி. எண்ணாயிரமாக இருந்தாலும் பூஜ்யமாக இருந்தாலும் இரண்டு பக்கமும் இருப்பதால் கழிபட்டுப் போகிறது. போடவில்லை என்று சார் கோபித்துக்கொண்டது எண்ணைக் கேட்ட இடத்தில். போட்டதற்குச் சுழித்தது செலவைக் கேட்ட இடத்தில்.

பெரியவரிடம் தலையாட்டிவிட்டு மாடிக்கு வந்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை. அவர் ஒரு தேற்றத்தைச் சொல்லிவிட்டார் என்பது எனக்கு உறைக்கவே நாளாயிற்று.

அதே மீட்டரால் இன்னொரு தடவையும் மானம் போனது. ஏசி மாட்ட வந்த எலக்ட்ரீஷியனிடம், விவரம் தெரிந்தவனைப் போல, “இது ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவாட் இழுக்குமா?” என்று கேட்டேன். அவர் ஸ்டூலில் நின்றபடியே சொன்னார்: “ஒன்றரை கிலோவாட்டுங்கிறது அது ஓடுற வேகம் சார். எவ்ளோ நேரம் ஓடுதுன்னு சொன்னாத்தானே எத்தனை யூனிட்டுன்னு சொல்ல முடியும்?” ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு கிலோவாட் கீசர் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட். நேரத்தைச் சொல்லாமல் கிலோவாட்டை மட்டும் சொல்வது, எவ்வளவு தூரம் என்று கேட்டவரிடம் மணிக்கு அறுபது என்று பதில் சொல்கிற கதை.

நான் பள்ளியில் செய்ததும் அதுதான். தொகையிடல் குறி, சார்பு, அதற்கப்புறம் டி எக்ஸ் என்று ஒன்று வரும். அதை நான் வாக்கியத்தின் கடைசியில் வைக்கிற முற்றுப்புள்ளியாகவே நினைத்திருந்தேன். ஞாபகம் இருந்தால் வைப்பேன். உண்மையில் கிலோவாட்டை யூனிட்டாக்குகிற அந்தத் துளி நேரம்தான் அது. உயரம் மட்டும் வைத்துக்கொண்டு பரப்பு வராது; அகலமும் வேண்டும். டி எக்ஸை விட்டவன் அகலத்தை விட்டவன். எதிரே நிற்கும் கொக்கி போன்ற குறி கூட்டலைச் சொல்கிறது. 1675 அக்டோபர் 29 தேதியிட்ட கையெழுத்துக் குறிப்பில் லைப்னிஸ் முதன்முதலாக அதை எழுதினார். ‘மொத்தம்’ என்பதற்கான லத்தீன் சொல்லின் முதல் எழுத்தை நீட்டி எழுதியது. அதன் தலையிலும் காலிலும் எல்லைகளை எழுதும் வழக்கத்தைப் பரப்பியவர் ஃபூரியே. வெப்பம் பரவுவதைப் பற்றி 1822இல் அவர் வெளியிட்ட நூலில் அதைக் காணலாம். ஆக, எங்கிருந்து, எதுவரை, எந்த உயரத்தை, எந்த அகலத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டு என்று அந்த ஒரு வரி முழுசாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அது பேசியது எனக்குக் காதில் விழவில்லை.

அடுத்தது, குறி சம்பந்தப்பட்டது. சைன் எக்ஸை 0 முதல் 2 பை வரை தொகையிட்டால் பூஜ்யம் வரும். எனக்கு வந்தபோது, எங்கோ தப்பு என்று நினைத்து அடித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். திரும்பவும் பூஜ்யம். கண்ணுக்கு முன்னால் மேலே ஒரு மேடு, கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. பரப்பு பூஜ்யமாக எப்படி இருக்கும்? தேர்வு நேரம் முடியப்போகிற பதற்றத்தில் 4 என்று எழுதினேன், மேடு 2, பள்ளம் 2 என்று கூட்டி. அது தப்பு. இதை வைத்துக்கொண்டு அடுத்த தேர்வில், பரப்பைக் கேட்ட கேள்விக்குப் பூஜ்யம் என்று எழுதினேன். அதுவும் தப்பு. இரண்டு கேள்விக்கும் சரியான விடை என்னிடம் இருந்தது; இடம் மாறிப் போனது, அவ்வளவுதான்.

இன்றைக்கு மாடியில் சூரியத் தகடு போட்ட வீட்டைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பகலில் தகடு தரும் மிச்ச மின்சாரம் வெளியே போகிறது. இரவில் உள்ளே வருகிறது. உள்ளே வந்தது 10 யூனிட், வெளியே போனது 10 யூனிட் என்றால் நிகரம் பூஜ்யம். நிகரத்தைக் கேட்டால் பள்ளத்தைக் கழிக்க வேண்டும். கம்பி வழியாக மொத்தம் எவ்வளவு போய்வந்தது என்று கேட்டால் 20. அச்சுக்குக் கீழே இருக்கும் பகுதியைத் தொகையிடல் கழித்தே பார்க்கும். பரப்பு வேண்டுமென்றால் நாம்தான் பிரித்து, குறியை மாற்றிக் கூட்ட வேண்டும். எது வேண்டும் என்பதைக் கேள்வியில் படிக்க வேண்டியிருக்கிறது. படிக்கத் தேவையில்லாத பாடம் என்று இதைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

குறியைக் கவனிக்கத் தெரிந்திருந்தால் இன்னொரு அசிங்கத்திலிருந்தும் தப்பியிருப்பேன். ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கம். எல்லை –1 முதல் 1 வரை. தொகையிட்டால், மைனஸ் ஒன்றின் கீழ் எக்ஸ். மேல் எல்லையில் –1, கீழ் எல்லையில் 1. கழித்தால் –2. அடியில் இரண்டு கோடு. கை தன் பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது. வர்க்கம் எப்போதும் மிகை எண். கூட்டப்பட்டவை எல்லாம் மிகை. மிகைகளைக் கூட்டி மைனஸ் இரண்டு வருமா என்று எல்.கே.ஜி. குழந்தைகூடக் கேட்கும். நான் கேட்கவில்லை, ஏனென்றால் நான் எதையும் கூட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு எண்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். நடுவில் பூஜ்யத்தில் அந்த வளைவரை வானத்துக்குப் போய்விடுகிறது. அங்கே பரப்புக்கு முடிவே இல்லை. எல்லைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனவனுக்கு நடுவழியில் இருந்த பாதாளம் தெரியவில்லை.

இந்தச் சூடு பட்டதும் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். வளைவரை எங்கே உடைந்தாலும், துள்ளினாலும் தொகையிட முடியாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். முழுஎண் பகுதிச் சார்பை, அதாவது 2.7 என்றால் 2 என்று தரும் படிக்கட்டுச் சார்பை, 0 முதல் 3 வரை தொகையிடச் சொன்ன கேள்வியைச் சாய்ஸில் விட்டேன். அந்தக் கேள்வியில் மூன்று படிக்கட்டு: உயரம் 0, 1, 2, அகலம் ஒவ்வொன்றும் 1. கூட்டினால் 3. இரண்டாம் வகுப்புப் பாடம். வீட்டில் சுவிட்ச் போடும்போதெல்லாம் மின்சார இழுப்பு இப்படித்தான் ஒரே துள்ளலாகத் துள்ளுகிறது. அதற்காக மீட்டர் சாய்ஸில் விடுகிறதா? 1854இல் ரீமன் எழுதிய ஆய்வுரையில் இதற்கெல்லாம் இடம் வைத்திருந்தார். தொடர்ச்சியான சார்புகளுக்குக் கோஷி 1823இல் தந்த வரையறையை விரித்து, துள்ளல்கள் உள்ள சார்புகளையும் கூட்டலாம், எந்த அளவு வரை கூட்டலாம் என்று வரம்பு கட்டினார். அது அவர் இறந்த பிறகுதான் அச்சானது. எனக்கு வந்து சேர இன்னும் கொஞ்சம் நாளானது.

பிரதியிடலில் எல்லையை மாற்ற மறந்த கதை எல்லோருக்கும் உண்டு என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்று, அதன் வர்க்கத்தை 2 எக்ஸால் பெருக்கியதுதான் சார்பு. எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்று என்பதை யு என்று வைத்து, எக்ஸின் எல்லைகளான 0, 2 இரண்டையும் அப்படியே யுவுக்குப் போட்டேன். 1, 5 என்று மாற்றியிருக்க வேண்டும். விடை 41 சொச்சம் வர வேண்டிய இடத்தில் 2 சொச்சம் வந்தது. அந்த வளைவரை எக்ஸ் ஒன்றாக இருக்கும்போதே 8 உயரத்தில் நிற்கிறது, அதன் பிறகு ஏறிக்கொண்டே போகிறது. ஒன்றிலிருந்து இரண்டு வரையே எட்டுக்குமேல் வர வேண்டும். உயரத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் போதும். எட்டிப் பார்க்கும் பழக்கம் இல்லை.

இதையெல்லாம் ஒருவாறு தேற்றிக்கொண்டு அக்கா மகளிடம் திரும்பப் போனேன். வியாழன், மீட்டர், சூரியத் தகடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கூட்டித்தான் வருதுன்னா, சூத்திரம் இல்லாம கூட்டிக் காட்டுங்க மாமா” என்றாள். எக்ஸ் வர்க்கம், 0 முதல் 1 வரை. விடை மூன்றில் ஒன்று என்று இருவருக்கும் தெரியும்.

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பத்துத் துண்டு போட்டேன். ஒவ்வொரு துண்டிலும் வலது ஓரத்து உயரத்தை எடுத்துக் கூட்டினால் 0.385. மூன்றில் ஒன்று 0.333. “கிட்டத்தட்ட” என்றேன். “இதுவா கிட்டத்தட்ட?” என்றாள். அவளே இடது ஓரத்து உயரத்தை எடுத்துக் கூட்டினாள்: 0.285. ஒன்று மேலே, ஒன்று கீழே. உண்மை நடுவில் மாட்டிக்கொண்டது. நூறு துண்டு போட என்னிடம் காலண்டர் இல்லை. முதல் நூறு எண்களின் வர்க்கங்களைக் கூட்டும் சூத்திரம் அவள் புத்தகத்தில் இருந்தது. அதைப் போட்டு அவள் கண்டது 0.33835. ஆயிரம் துண்டுக்கு 0.33383. மேலிருந்து இறங்கி இறங்கி மூன்றில் ஒன்றை நோக்கி வருவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பார்த்ததை முகத்தில் காட்டாமல், “இதான் சொன்னேன்ல” என்றேன்.

நான் காலண்டர் தாளில் திணறியதை, 1530ஐ ஒட்டி, இங்கே பக்கத்தில் கேரளத்தில், மலையாளத்திலேயே எழுதிவைத்திருக்கிறார் ஜ்யேஷ்டதேவர். ‘யுக்திபாஷா’ என்ற அந்த நூல், சங்கமகிராமத்து மாதவர் வழிவந்த கணிதத்தைக் காரணத்தோடு விளக்குகிறது. எண்களின் வர்க்கங்கள், கனங்கள், அதற்கு மேற்பட்ட அடுக்குகள் ஆகியவற்றை வரிசையாகக் கூட்டினால், துண்டுகள் மிக அதிகமாகும்போது கூடுதல் எதை நெருங்கும் என்று அதில் படிப்படியாகச் சொல்லியிருக்கிறது. கோளத்தைத் துண்டுகளாக வெட்டி அதன் கன அளவையும் இப்படிக் கூட்டியே எடுக்கிறார்கள். லைப்னிஸ் பிறக்கவே அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆனது. சார்லஸ் விஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கட்டுரை 1834இல் அச்சானபோது ஐரோப்பியர்கள் இதைப் பற்றிப் படித்தார்கள். எனக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவே ஒரு மலைத்தொடர்தான்.

நொந்துபோயிருந்த நேரத்தில் ஆறுதலாக ஒன்று கண்ணில் பட்டது. 1994இல் நீரிழிவு நோய் பற்றிய ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்விதழில், ரத்தச் சர்க்கரை வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பைக் கண்டுபிடிக்கப் புதிய முறை என்று ஒரு கட்டுரை வந்தது. வளைவரையைச் சிறு சிறு துண்டாக்கு, ஒவ்வொன்றையும் சரிவகமாகப் பாவி, கூட்டு. வாசகர்கள் கடிதம் எழுதினார்கள்: அம்மா, இது சரிவக விதி, கல்லூரி முதலாண்டுப் பாடம். அந்தக் கட்டுரையை நூற்றுக்கணக்கான பிற ஆய்வுகள் மேற்கோளும் காட்டின. கணக்குப் படித்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஆய்வாளர் பாடத்தை அறியாமலே கூட்டத்தான் வேண்டும் என்று தானாகக் கண்டுபிடித்தவர். நான் பாடத்தைப் படித்து, மார்க்கும் வாங்கி, கூட்ட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்காதவன். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வெட்கப்பட வேண்டியவர் யார் என்பது தெரிந்ததே.

பெரிய அடி கடைசியில்தான் விழுந்தது. அவள் ஒரு நாள், இயல்மடக்கையின் அடிமானமான ஈயின் மேல் அடுக்காக மைனஸ் எக்ஸ் வர்க்கம் இருந்தால் எப்படித் தொகையிடுவது என்று கேட்டாள். பிரதியிட்டேன், பகுதி பகுதியாகத் தொகையிட்டேன், தாளைத் திருப்பிப் போட்டேன். முடியவில்லை. “இதுக்கு விடை கிடையாது” என்று தீர்ப்புச் சொன்னேன்.

“விடை கிடையாதா, சூத்திரம் கிடையாதா?”

அவள் கேட்டபோது எரிச்சலாக வந்தது. இரண்டும் வேறு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நமக்குப் பழக்கமான சார்புகளைக் கொண்டு இதற்குச் சூத்திரம் எழுத முடியாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லியூவில் வகுத்த கோட்பாட்டால் அதை நிறுவவும் முடியும். ஆனால் பரப்பு அங்கே இருக்கிறது. 0 முதல் 1 வரை அவள் பத்துத் துண்டு போட்டு, நடு உயரங்களை எடுத்து, கால்குலேட்டரில் கூட்டினாள். 0.7471 வந்தது. உண்மையான மதிப்பு 0.7468. மீட்டருக்கு எந்தச் சூத்திரமும் தெரியாது. என் வீடு மின்சாரம் இழுக்கிற ஒழுங்கீனத்துக்குச் சூத்திரம் எழுத எவராலும் ஆகாது. இருந்தும் பில் வருகிறதே.

அதோடு விட்டாளா? புள்ளியியல் பக்கத்தில் இருந்த இயல்நிலைப் பரவல் அட்டவணையைத் திருப்பிக் காட்டினாள். 1 என்ற இடத்தில் 0.3413. “இதுவும் அந்த வளைவரைதானே மாமா? கொஞ்சம் அளவு மாத்தியிருக்கு.” அட்டவணை முழுக்க வரையறுத்த தொகைகள். யாரோ கூட்டிக் கூட்டி அச்சடித்து வைத்தவை. நான் கல்லூரியில் அந்த அட்டவணையைப் பார்த்துப் பார்த்து விடை எழுதித் தேறியவன். சூத்திரமில்லாத தொகையிடலுக்கு விடை கிடையாது என்று நம்பிக்கொண்டே, பக்கம் பக்கமாக அந்த விடைகளை எடுத்து எழுதியிருக்கிறேன்.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கை கழிக்கத் தொடங்குவதற்கு முன் மூன்று கேள்வி: எதைக் கூட்டுகிறோம், குறி என்னவாக இருக்கும், உத்தேசமாக எவ்வளவு வரும். கேட்ட பிறகும் தப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் தப்பு என்பது இப்போது எனக்கே முதலில் தெரிந்துவிடுகிறது. அக்கா மகள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலை மாறியிருக்கிறது. இந்த வயதில் இது முன்னேற்றம்தான்.

அவள் பொறியியல் சேர்ந்துவிட்டாள். முதலாண்டிலேயே இரட்டைத் தொகையிடல் வருகிறதாம், அதில் கூட்டும் வரிசையை மாற்ற வேறு வேண்டுமாம். விடுமுறைக்கு வந்து மாமாவிடம் கேட்கப்போவதாக அக்கா போனில் சொன்னாள். அந்த வாரம் எனக்கு வெளியூரில் வேலை இருக்கிறது. என்ன வேலை என்று இன்னும் முடிவாகவில்லை.